நார்மல் என்று நான் எழுதி வைத்த எண்

எங்கள் வீட்டில் ஒரு நீல ஃபைல் இருக்கிறது. என் மாமனாரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் வருட வரிசையில் இருக்கும். ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் பென்சிலால் ஆங்கிலத்தில் ‘நார்மல்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பேன். தாளில் எந்த எண்ணாவது, அளவை மீறியதற்கு அடையாளமாக, தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் நார்மல். எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அதை நான் பொறுப்பாகச் செய்துவந்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட அனுபவங்களை யாராவது எழுதியிருந்தால் நான் நேராகக் கடைசிப் பத்திக்குத்தான் போவேன். என்னைப் போன்றவர்கள் பதறாமல் படிக்க வேண்டும்.

மாமாவுக்கு எழுபத்தொரு வயது. இருபது வயதில் வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்து, அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் சரவணனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஷிஃப்ட் வேலை. எனக்கு வாரத்தில் மூன்று நாள் அலுவலகம். அந்த மூன்று நாளும் எங்கள் மகள் மகிழைப் பார்த்துக்கொள்வது மாமாதான். அவளுக்கு இரண்டரை வயது. மாமா நாற்பத்தெட்டுக் கிலோ. ‘அவர் உடம்பு எப்பவும் அப்படித்தான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகிழைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தவர் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா, கொழந்தய வாங்கிக்கோ” என்றார். முகம் முழுக்க வியர்வை. அவருக்குக் குடலிறக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அது வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிட்டது.

ஓசூர் ரோட்டுப் பக்கம் இருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். அறுவை சிகிச்சை மருத்துவர் கையாலேயே மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார். “இந்தத் தடவை போயிடுச்சு. அடுத்த தடவை சிக்கிட்டா குடல் கெட்டுப்போகும். அட்மிட் பண்ணுங்க, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்” என்றார்.

நான் பையிலிருந்து நீல ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அதை எடுத்து வர மறக்காததில் எனக்கு அந்தப் பதற்றத்திலும் ஒரு திருப்தி.

திங்கட்கிழமை காலை, ஆபரேஷனை இந்த உடம்பு தாங்குமா என்று பார்க்க ஒரு பொது மருத்துவர் வந்தார். பெயர் டாக்டர் சுமா. என் வயதுதான் இருக்கும். அவரிடமும் ஃபைலை நீட்டினேன். கையில் வாங்கினார், ஆனால் திறக்கவில்லை. மாமாவிடம், “அஜ்ஜா, தோளு தோர்ஸி” என்று கன்னடத்தில் கையைக் காட்டச் சொன்னார். மாமா சட்டைக் கையை மடக்கினார். டாக்டர் அவருடைய மேல்கையைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்தார். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட்டன. பிறகு கணுக்காலை அழுத்தினார். விரல் பட்ட இடத்தில் சின்னக் குழி விழுந்து மெதுவாக நிறைந்தது. அதற்குப் பிறகுதான் ஃபைலைத் திறந்தார்.

“கிரியாட்டினின் ஒண்ணு. கிட்னி நார்மல்னு எழுதியிருக்கு. யாரு எழுதினது?”

“நான்தான் டாக்டர்.”

“ரேஞ்சுக்குள்ளதான் இருக்கு. நீங்க எழுதினது தப்பில்ல. ஆனா இந்த உடம்புக்கு இந்த எண்ண நான் நம்ப மாட்டேன்.”

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கிரியாட்டினின் என்பது நம் தசைகள் தினமும் வெளியே தள்ளும் கழிவு. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி அனுப்பிவிடும். வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அது சேரும். அதை வைத்துத்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் தசையே இல்லாத வயதானவர்களுக்குக் கழிவு உருவாவதே குறைவு. சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றாலும் எண் ஒழுங்காகவே தெரியும்.

“உங்க தெருவுல குப்பை வண்டி வருதில்ல? பத்து பேரு இருக்கற வீட்டுல வண்டி ரெண்டு நாள் வரலைன்னா நாறிடும். ஒருத்தரே இருக்கற வீட்டுல ஒரு வாரம் வரலைன்னாலும் தெரியாது. வாசல் சுத்தமா இருக்குன்னு வண்டி சரியா வருதுன்னு நெனச்சுக்குவீங்க.”

இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்றார். சிஸ்டாட்டின் சி. அது உடம்பில் உள்ள அநேகமாக எல்லா செல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாக்கும் ஒரு சின்னப் புரதம். தசை அதிகமா குறைவா என்பது அதை அவ்வளவாகப் பாதிக்காது. தைராய்டு கோளாறோ புகைப் பழக்கமோ ஸ்டீராய்டு மாத்திரையோ இருந்தால் அதுவும் ஏமாற்றலாம் என்பதால் அவற்றைப் பற்றியும் கேட்டார். மாமா பீடியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. தைராய்டுக்கும் சேர்த்து எழுதினார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கவும் எழுதினார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா, அஜ்ஜா?”

“பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர், காலைல ஒண்ணு. நான்தான் எடுத்துக் கொடுப்பேன்” என்றேன். கேள்வி மாமாவிடம் கேட்கப்பட்டது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போன பிறகு மாமா, “கேஜே தேஞ்சு கெடந்தா வேல சரியா இருக்கற மாரிதான் தெரியும்மா. பட்டறையில எத்தினி வாட்டி பாத்துக்கறேன்” என்றார். அளக்கும் கருவியே தேய்ந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அந்த ரத்தப் பரிசோதனை அங்கே செய்வதில்லை. மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தள்ளிப்போனது. அன்று பெரும்பாலான நேரத்தைத் தரைத்தளத்துக் காத்திருப்புக் கூடத்தில் கழித்தேன். எதிரே டயாலிசிஸ் அறை. கையில் கட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவருக்கு அவர் மனைவி செருப்பை மாட்டிவிட்டார். இன்னொருவர் வெளியே வந்ததும் போனில், “முடிஞ்சுது, ஆஃபீஸ் கெளம்பறேன்” என்றார். நான் அவர்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாரம் மூன்று நாள் என்றால் யார் கூட்டி வருவது, நான் வேலையை விட வேண்டியிருக்குமா என்று மனம் ஓடியது. உடனே, அவர் உயிரைப் பற்றி யோசிக்காமல் என் வேலையைப் பற்றி யோசிக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் சரவணனின் அக்கா விஜயா அண்ணி ஹெப்பகோடியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அடுக்கு டப்பாவில் ரசம் சாதம், பீன்ஸ் பொரியல், எனக்குத் தனியாக இரண்டு சப்பாத்தி. “நீ சோறு துன்னியா இல்லையா, மூஞ்சப் பாரு” என்று திட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பொரியலை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். முடித்த பிறகுதான் கேட்டார்.

“ஏன் பவி, வருசா வருசம் நீதான செக்கப் கூட்டினு போற? குரூப்புல ‘அப்பா ரிப்போர்ட் ஆல் நார்மல்’னு போடுவியே. அதுல ஒண்ணுமே தெரியலயா?”

அண்ணி குத்திக்காட்டிக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டர் சுமா என்னையும் சரவணனையும் வெளியே அழைத்துச் சொன்னார். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் முழு வேலை, அறுபதுக்குக் கீழே போனால் கவலை. கிரியாட்டினினை வைத்துப் போட்ட கணக்கில் சிறுநீரகத்தின் வேலை எண்பது என்று வந்தது. புதிய பரிசோதனையை வைத்துப் போட்டால் நாற்பத்து மூன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அறுபதுக்குச் சற்றுக் கீழே. சிறுநீரில் கொஞ்சம் புரதமும் கசிகிறது. தைராய்டு சரியாக இருக்கிறது.

“டயாலிசிஸா டாக்டர்?” என்று கேட்டார் சரவணன்.

“ஐயோ, அதுக்கு ரொம்ப தூரம் இருக்கு. ஆனா இது புதுசா வந்ததா, ரொம்ப நாளா இருக்கறதான்னு தெரியணும். மூணு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தாத்தான் இத நாள்பட்ட நோய்னு சொல்லுவோம். எனக்கு ஒரே விஷயம்தான் இடிக்குது. இவ்ளோ குறையறதுக்குக் காரணம் வேணும். சுகர் இல்ல, கல்லும் இல்ல. பிரஷர் மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல. ஏதோ ஒண்ணு நமக்குத் தெரியாம இருக்கு.”

மறுநாள் புதன்கிழமை, மாமாவின் அழுக்குச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போக மடித்தபோது பாக்கெட்டில் ஏதோ சரசரத்தது. ரப்பர் பேண்டு போட்ட பஸ் பாஸ், அதற்குள் நாலாக மடித்த ஒரு காலி மாத்திரை அட்டை. ஓரங்கள் தேய்ந்து, வெள்ளி நிறம் போய்க் கிடந்தது. பெயர் மட்டும் படிக்க முடிந்தது. பெயரை இங்கே எழுதவில்லை. எந்தக் கடையிலும் கேட்டால் கிடைக்கும் வலி மாத்திரை. அட்டையின் பின்புறத்தில் பச்சை மார்க்கரில், மங்கிப்போய், ‘சாப்பிட்ட பின்’ என்று எழுதியிருந்தது.

என் கையெழுத்து.

மகிழ் பிறந்தபோது எனக்கு சிசேரியன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த வலி மாத்திரையில் ஒரு அட்டை மிச்சம் இருந்தது. சில மாதங்கள் கழித்து மாமா முட்டி வலிக்கிறது என்றார். நான் அந்த அட்டையைக் கொடுத்து, அவர் வெறும் வயிற்றில் போட்டுவிடக் கூடாதே என்று பின்னால் எழுதியும் கொடுத்தேன். எவ்வளவு கவனமானவள் நான்!

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து மருத்துவமனை இட்லியை விண்டுகொண்டிருந்தார். அட்டையைக் காட்டினேன்.

“மாமா, இத எத்தனை நாளா போடறீங்க?”

“நீ குடுத்த மாத்திர தானம்மா” என்றார் சாதாரணமாக. “தீந்து போச்சுன்னா மெடிக்கல்ல காட்டுவேன், குடுப்பான். காலைல ஒண்ணு. கொழந்த ரொம்ப தூக்கச் சொன்னா சாயந்தரம் ஒண்ணு.”

“ரெண்டு வருஷமாவா?”

“அது போட்டாத்தான் மாடி ஏற முடியுது. முட்டி வலின்னு சொன்னா நீ வேலய விட்டுடுவ. இன்னாத்துக்கு?”

“முந்தாநேத்து டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?”

“நீதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியே. உன் பேச்ச தட்டினா டாக்டரம்மா முன்னாடி உனுக்கு அசிங்கமா இருக்காது?”

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அரை மணி நேரம் நின்றேன். இதை நான் ஒளிவுமறைவில்லாமல் எழுதியாக வேண்டும். டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். இனிமேல் கொடுக்காமல் இருந்தால் போதாதா? மருந்துக் கடைக்காரர் கேட்காமல் கொடுத்தது என் தப்பா? சரவணனுக்குத் தெரிந்தால்? அண்ணி குடும்ப குரூப்பில் என்ன போடுவார்? ஒரு வேளை இந்த மாத்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால்? சம்பந்தம் இருக்கிறது என்று போனில் தேடிய முதல் பக்கத்திலேயே இருந்தது. பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம் என்றும் இருந்தது.

அப்போதுதான் ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு என்ன போடுவார்கள் என்ற கேள்வி வந்தது. நர்ஸைக் கேட்டேன். அவர் சொன்ன ஊசியின் பெயரைப் போனில் தேடினேன். அதே வகை மருந்து. அதற்கு மேல் யோசிக்கவில்லை. மாடிக்கு ஓடி டாக்டர் சுமாவின் அறை வாசலில் நின்றேன்.

அட்டையைப் புரட்டிப் பார்த்து, பச்சை எழுத்தைப் படிக்க முயன்றார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நானே படித்துக் காட்டினேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அழுதுவிடக் கூடாது என்று மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உட்காருங்க முதல்ல” என்றார். “நீங்க இப்ப கெட்ட செய்தி கொண்டு வந்ததா நெனக்கிறீங்க. எனக்கு நேத்துலேர்ந்து இதுதான் வேண்டியிருந்தது. காரணம் தெரியலைன்னாத்தான் எனக்கு பயம். இது நிறுத்தக்கூடிய காரணம். நிறுத்தினா எவ்ளோ திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா வர வாய்ப்பிருக்கு.”

உடனே கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினார்: அந்த வகை மருந்து எதுவும் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால். பிரஷர் மாத்திரையை மாற்றினார். ஆபரேஷனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார். அதுவரை சலைன் ஏற்றி, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளக்கச் சொன்னார்.

சாயங்காலம் சரவணனும் அண்ணியும் வந்ததும் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். சரவணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

“பவி, இந்த அட்டையக் காட்டி நானே நாலஞ்சு தடவ வாங்கிட்டு வந்திருக்கேன். அப்பா ‘இதே மாரி’ன்னு குடுத்தாரு. நீ எழுதியிருந்ததால டாக்டர் சொன்ன மாத்திரன்னு நெனச்சுட்டேன்.”

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “நானுந்தான். தீபாவளிக்கு எங்கூட்டுக்கு வந்தப்ப ரெண்டு அட்ட வாங்கியாந்து குடுத்தேன். பவி கையெழுத்து இருக்குதே, அவ சரியாத்தான் எழுதியிருப்பான்னு.”

மாமா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தரு கூட எனுக்கு கம்மியா வாங்கிக் குடுக்கலப்பா. நல்ல புள்ளைங்க” என்றார். முதலில் சிரித்தது அண்ணி. பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். டாக்டர் சுமா வந்து, “ஏன் அஜ்ஜா, ஊட்ட ஆய்த்தா?” என்று சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது, மாமா அவரிடம் கன்னடத்தில் ஆஸ்பத்திரி சாம்பாரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். கீழ்வீட்டு அம்மா அந்த வாரம் முழுக்க மகிழைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம்தான் எனக்குக் கஷ்டம். மருத்துவமனையில் இருந்தபோது செய்வதற்கு ஏதாவது இருந்தது. வீட்டில் காத்திருப்பது மட்டும்தான். மாமா தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்ப்பேன். அவர் நொண்டினால், திரும்ப மாத்திரை போட ஆரம்பித்துவிடுவாரோ என்று சட்டைப் பாக்கெட்டைப் பார்ப்பேன். பிறகு, ஒரு பெரிய மனிதரின் பாக்கெட்டைத் துழாவுகிறேனே என்று கூசும். முட்டிக்குப் பிசியோதெரபி ஆரம்பித்தோம். மகிழை அலுவலக நாட்களில் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். மாமா அவளை மத்தியானம் நடத்தியே கூட்டி வருவார், தூக்குவதில்லை. நான் வேலையை விடவில்லை.

மூன்று மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையின் முடிவு அலுவலகத்தில் இருந்தபோது போனுக்கு வந்தது. திறக்கப் பயந்து டாக்டர் சுமாவுக்கே அனுப்பிவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன். அவர் கூப்பிட்டார். நாற்பத்து மூன்றாக இருந்தது ஐம்பத்தெட்டு. இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கில் அறுபதைத் தாண்டிவிட்டது. புரதக் கசிவு குறைந்திருக்கிறது.

“வயசுக்கு இது நல்ல கிட்னி. வருஷத்துக்கு ரெண்டு தடவ ரெண்டு டெஸ்டும் பண்ணுங்க. அந்த மாத்திரைய மட்டும் அவர் கண்ணுல காட்டாதீங்க” என்றார். நான் மூன்று தடவை நன்றி சொன்னேன். குடும்ப குரூப்பில் ‘நார்மல்’ என்று போடவில்லை. எண்களைப் போட்டு, அவை என்ன என்று நாலு வரி எழுதினேன். அண்ணி, “ஒண்ணும் புரியல, ஆனா நல்லா இருக்காருல்ல?” என்று பதில் போட்டார். “நல்லா இருக்கார் அண்ணி” என்று எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் மெலிந்த வயதானவர் ஒருவர் இருக்கலாம். அவருடைய தாளிலும் எந்த எண்ணும் தடித்த எழுத்தில் இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த உடம்புக்கு இந்த எண்ணை நம்பலாமா? ‘வேறு மாத்திரை உண்டா’ என்ற கேள்விக்கு அவரையே பதில் சொல்ல விடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு புது அட்டையை நீட்டினார். பாராசிட்டமால். டாக்டர் அனுமதித்த ஒன்றே ஒன்று. கூடவே பச்சை மார்க்கர்.

“எழுதிக் குடும்மா.”

எனக்குக் கை வரவில்லை. “வேணாம் மாமா. டாக்டர் சீட்டுல இருக்கு.”

“அந்தச் சீட்ட யாரு படிக்கறது? உன் எழுத்துதான் எனுக்குத் தெரியுது. எழுது.”

வாங்கினேன். ‘சாப்பிட்ட பின்’ என்று எழுதினேன். அதன் கீழே, ‘வலி இருந்தால் மட்டும்’. அதன் கீழே, ‘ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்’. பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில், ‘தீர்ந்தால் கடைக்குப் போகாமல் என்னிடம் கேட்கவும்’. பின்புறம் முழுக்கப் பச்சையாகிவிட்டது.

மாமா அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்து முடித்தார். பிறகு முன்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“மாத்திர உள்ள கீதா, இல்ல எழுத்து மட்டுந்தானா?” என்றார்.